பழைய படமும் அதுக்குள்ள ஓடுற கார்களும்

பழைய தமிழ்ப் படம் ஒண்டு டீவியில போகுதெண்டா என்ட கண் முதல்ல போறது ரோட்டுக்குத்தான். கதாநாயகி அழுதுகொண்டு மாடிப்படியால ஓடி வருவா, வீட்டில எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருப்பாங்க, நான் ரிமோட்டை வாங்கி நிப்பாட்டிப்போட்டு அந்த பங்களா போர்ட்டிகோவுக்குள்ள பாதி மறைஞ்சி நிக்கிற காரைக் கிட்டப் போய்ப் பாப்பன். பின் லைட் வட்டமா நீட்டா, வால் எழும்பியிருக்கா, பம்பருக்கு கொம்பு வச்சிருக்கா, அது தெரிஞ்சாத்தான் எனக்கு மிச்சப் படம் ஓடும்.

இதில ஏன் இவ்வளவு ஆசை எண்டு கேட்டா காரணம் இருக்கு. படத்தில வீடு செட்டா இருக்கலாம், நடிகருக்கு விக் வச்சிருக்கலாம், ஆனா பின்னால தெருவில தன்ட பாட்டுக்கு போற காரை டைரக்டர் கூட்டிக்கொண்டு வரல்ல, அது அந்த வருசம் அந்த ரோட்டில உண்மையா ஓடினது. அதை வச்சிக்கொண்டே அந்த நாளையில ஆரிட்ட காசு இருந்தது, அரசாங்கம் எந்தக் காரை உள்ள விட்டது, எதை விடல்ல எண்டெல்லாம் பாக்கலாம்.

தமிழ்நாட்டுப் படங்களையே எடுங்க. 1960கள், 70கள்ள வந்த படமெண்டா தெருவில திரும்பத் திரும்ப மூண்டு சாதிக் கார்தான் வரும். 1950கள்ள இந்திய அரசாங்கம் வெளிநாட்டுக் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடிச்ச பிறகு அங்க கார் செய்ய இருந்த பெரிய கம்பெனிகள் இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்ட் இந்த மூண்டும்தான். இந்துஸ்தான் செஞ்ச அம்பாசடர் எண்டது இங்கிலாந்து மொரிஸ் ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3ட அச்சு, 1957ல தொடங்கி 2014 வரைக்கும் செஞ்சாங்க. அதுக்கு முதல் வந்த லேண்ட்மாஸ்டர் ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 2. கறுப்பு வெள்ளைப் படத்தில அம்பாசடரைப் பாத்தா முன் கிரில்லைப் பாருங்க, நெருக்கமா கட்டம் கட்டமா இருந்தா அது 1963ல வந்த மார்க் 2, அப்ப படம் அதுக்கு முந்தினதா இருக்க ஏலாது. இப்படித்தான் வருசம் தெரியாத படத்துக்கும் ஒரு எல்லை போடலாம்.

பிரீமியர் செஞ்ச பியட் இன்னும் வடிவான விசயம். பிறகு பிரீமியர் பத்மினி எண்டு பேர் வாங்கினது எல்லாருக்கும் தெரியும், ஆனா அதோட மூத்த சாதி 1953ல இத்தாலியில வந்த பியட் 1100, அந்த முதல் மாடல்ல முன்கதவு மற்றப் பக்கமா திறக்கும், பிணைச்சல் பின்னால, கைபிடி முன்னால. ஒரு நடிகை காரால இறங்குற காட்சியில முன்கதவு எதிர்ப்பக்கம் போகுதெண்டா எனக்கு அந்த நடிகையோட சாரி என்ன நிறமெண்டும் தெரியாது, கதவைத்தான் பாத்துக்கொண்டிருப்பன். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மெட்ராஸிலயே செஞ்சது, அதனால தமிழ்ப் படத்தில டொக்டர், லோயர், காலேஜ் பிள்ளைகள் எண்டு வந்தா அது எட்டிப் பாக்கும். இங்கிலாந்தில ஹெரால்ட் சலூன் ரெண்டு கதவு மட்டும்தான், இந்தியாவில பிறகு நாலு கதவும் செஞ்சாங்க, அப்ப நாலு கதவு ஹெரால்ட் கண்டா அது இந்தியாவில செஞ்சது எண்டு கண்ணை மூடிச் சொல்லலாம்.

பணக்காரன், வில்லன், ஊருக்கு வாற சமீன் மகன் இவங்களுக்குத்தான் அமெரிக்கக் கார். செவ்ரலட் இம்பாலா, பிளிமத், டொட்ஜ். புதுசா இறக்க ஏலாத காலமாப் போனபடியா இருக்கிற கொஞ்சக் காரைத்தான் மாறி மாறிப் படத்துக்குக் குடுத்திருக்கணும் எண்டு நான் நினைக்கிறன், அதுதான் பெரிய கார் வந்தா நம்பரை எழுதி வைக்கிறது. அந்தக் காலத்து மெட்ராஸ் நம்பர் எம்எஸ் எண்டு தொடங்கி மூண்டு எழுத்தும் நாலு இலக்கமுமா இருக்கும். வேற படத்தில அதே நம்பர் தட்டுப்பட்டா எனக்கு வாற சந்தோசம் சொல்லி முடியாது.

நம்மட இலங்கைப் பக்கம் கதை வேற. இஞ்ச அம்பாசடர் ரோட்டை ஆளல்ல, இங்கிலாந்துக் கார்தான் ராசா. ஒஸ்டின் ஏ40, அதே ஒஸ்டின்ட சோமசெட், கேம்பிரிட்ஜ், பிறகு மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட். அதோட பிரான்ஸ் நாட்டுப் பேஜோவும் ஓடினது. 1970ல இருந்து 77 வரைக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு, புதுக் கார் எண்ட கதையே இல்ல, அதால 1950கள்ள வந்த காரையே டிங்கர் அடிச்சி பெயின்ட் அடிச்சி எஞ்சின் இறக்கி ஏத்தி ஓட்டினாங்க, 77க்குப் பிறகு ஜப்பான் கார் வந்தும் மட்டக்களப்பில அந்தப் பழசுகள் லேசில போகல்ல. என்ட மாமா சோமசெட் வச்சி ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடினவர், கல்முனை, அக்கரைப்பற்று, செங்கலடி, வாழைச்சேனை எண்டு எல்லா இடமும் போவார், பழைய கல்லடிப் பாலத்தில ஒரு பக்க வாகனம் வந்து முடியுமட்டும் இந்தப் பக்கம் நிக்கணும், அந்த நேரத்தில முன்னால நிக்கிற கார், எதிர வாற கார் எல்லாத்துக்கும் பேர் சொல்லித் தருவார். "மனே, மூஞ்சைப் பாக்காத, மூஞ்சை ஆரும் மாத்திப் போடுவான், கூரையும் கதவும் பாரு" எண்டுவார். இண்டைக்கும் நான் படத்தில கார் பாக்கிறது அந்த முறையிலதான்.

அவர் சொன்னதில எவ்வளவு விசயம் இருக்கெண்டு கேம்பிரிட்ஜைப் பாத்தா விளங்கும். 1959ல இத்தாலிக்காரர் பினின்ஃபரினா கீறின ஒரே பாடியை இங்கிலாந்து பிஎம்சி கம்பெனி ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், வோல்ஸ்லி, ரைலி, எம்ஜி எண்டு அஞ்சு பேரில வித்தது. கிரில்லும் லைட்டும் அலங்காரமும்தான் வித்தியாசம், கூரையும் கதவும் ஒண்டு. முதல் வந்ததுகள்ள வால் கூரா எழும்பி நிக்கும், 1961ல அதைக் குறைச்சிட்டாங்க. இங்கிலாந்துப் பழைய டீவி நாடகத்தில பொலிஸ் கதை ஒண்டு போனா பின்னால இந்த அஞ்சில ஒண்டு நிக்காம இருக்காது, எந்தது எண்டு பிடிக்கிறதுதான் வேலை.

மொரிஸ் மைனரைப் பத்தி கொஞ்சம் கூடச் சொல்லப் போறன், நம்மட ஆக்களுக்கு அதில ஒரு தனிப் பாசம் இருக்குத்தானே. அலெக் இசிகோனிஸ் எண்ட எஞ்சினியர் கீறினது, 1948ல வந்தது. செஞ்சி முடிச்ச மாதிரிக் காரைப் பாத்திட்டு அகலம் காணா எண்டு நடுவால வெட்டி நாலு அங்குலம் அகட்டினவர், அதுதான் பொனட்டுக்கு நடுவில நீட்டுக்கு தட்டையா ஒரு பட்டி ஓடுது, முதல் வந்த கார்கள்ள பம்பருக்கும் நடுவில ஒரு துண்டு வச்சி இணைச்சிருக்கும். படத்தில மைனர் வந்தா முதல்ல முன் கண்ணாடியைப் பாருங்க, நடுவில கம்பி வச்சி ரெண்டா இருந்தா 1956க்கு முந்தினது, ஒரே கண்ணாடி வளைஞ்சி இருந்தா மைனர் 1000. ஹெட்லைட் கிரில்லோட சேந்து கீழ கிடந்தா அது ஆக முந்தினது, அதைக் கண்டா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. இன்னொண்டு, கிறுகுறதுக்கு லைட் மினுங்காம கதவுக்குப் பின்னால உள்ள தூணுக்குள்ள இருந்து சின்னக் கை ஒண்டு வெளிய நீண்டா அது 1961க்கு முந்தின கார். அந்தக் கை நீளுற காட்சி ஒரு செக்கன்தான் வரும், ஆனா அதுக்காகவே நான் ஒரு காட்சியை திரும்பத் திரும்ப ஓட்டிப் பாப்பன். பதினாறு லட்சம் மைனர் செஞ்சிருக்காங்க, பிறகு 1990கள்ள இங்கிலாந்தில அதை வச்சிருக்கிற ஆக்களுக்கு பாடிப் பாகங்கள் நம்மட இலங்கையில செஞ்சி போயிருக்கு, இதைக் கேட்டா எங்கட கராச் பாஸ்மாருக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்.

அதே இசிகோனிஸ்தான் 1959ல மினியையும் செஞ்சவர். மினி எண்டா நம்மட பிள்ளைகளுக்கு மிஸ்டர் பீன், வேற பேச்சில்ல. எல்லாரும் பச்சையும் கறுப்புப் பொனட்டும் எண்டுதான் சொல்லுவாங்க, ஆனா 1990ல வந்த முதலாவது கதையில அவரிட்ட இருந்தது செம்மஞ்சள் நிற மினி, அது அந்தக் கதை முடிவில அடிபட்டுப் போயிடும். நம்பரைப் பாருங்க, முதல் காருக்கு கடைசி எழுத்து எச், பச்சைக் காருக்கு ஆர். அந்தக் காலத்து இங்கிலாந்து நம்பர்ல கடைசி எழுத்துத்தான் வருசம், எச் எண்டா 1969 ஆகஸ்டில இருந்து 70 ஜூலை வரைக்கும், ஆர் எண்டா 1976 ஆகஸ்டில இருந்து 77 ஜூலை வரைக்கும் பதிஞ்சது. இந்த ஒரு விசயம் தெரிஞ்சா போதும், அந்தக் காலத்து இங்கிலாந்துப் படத்தில கடைசியில எழுத்துள்ள நம்பர் எதைக் கண்டாலும் அந்தக் காருக்குப் பிறந்த வருசம் சொல்லலாம். அவர் எப்பவும் தள்ளி விழுத்துற நீல நிற மூண்டு சில்லு வண்டி ரிலையன்ட் ரீகல், நம்மட ஊரில கண்டதில்ல, அதால அதைப் பத்தி நிறுத்துறன்.

அமெரிக்க டீவியில எனக்குப் பிடிச்சது கொலம்போ எண்ட தொடர்ல வாற கார். பொலிஸ் டிடெக்டிவ், கசங்கின கோட், அந்தாளுக்குக் குடுத்தது கூரை மடிக்கிற பேஜோ 403. நடிகர் பீட்டர் ஃபோக் ஸ்டூடியோவில சும்மா நிண்ட காரை தானே தெரிஞ்செடுத்தவர். அந்தக் கூரை மடிக்கிற 403 ரெண்டாயிரம் அளவிலதான் செஞ்சிருக்காங்க, கதையில அவர் அதை ஓட்டை வாகனம் மாதிரி எங்கயும் விட்டிட்டுப் போவார், இண்டைக்கு அதோட விலையைக் கேட்டா தலை சுத்தும். நம்மட பக்கம் 404, 504 எண்டு பேஜோ ஓடினபடியா அந்தச் சிங்க அடையாளம் எனக்கு சின்ன வயசிலயே பழக்கம், கொலம்போவில அதைக் கண்டோன மாமாட ஹயர் ஸ்டாண்ட்தான் ஞாபகம் வந்திச்சி.

துரத்துற காட்சி எண்டா 1968ல வந்த புல்லிட் எண்ட அமெரிக்கப் படத்தைச் சொல்லாம விட ஏலாது. சான் பிரான்சிஸ்கோ மேட்டு ரோட்டில மஸ்டாங்கும் டொட்ஜ் சார்ஜரும் ஓடுற ஓட்டம். அதில ஒரு பச்சை நிற ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைக் கவனியுங்க, திரும்பத் திரும்ப அதையே முந்துவாங்க, ஏனெண்டா ஒரே ஓட்டத்தை பல கேமராவால பல பக்கத்தில எடுத்து ஒட்டினது. சார்ஜர்ட சில்லு மூடியையும் எண்ணிப் பாருங்க, சில்லு நாலு, கழண்டு ஓடுற மூடி அதைவிடக் கூட.

தமிழ்ப் படத்திலயும் இப்படிப் பாக்க நிறைய இருக்கு. பாட்டுப் பாடிக்கொண்டு கார் ஓட்டுவாங்க, கார் ஸ்டூடியோவுக்குள்ள நிக்கும், பின்னால திரையில ரோட்டைப் படமா ஓட்டுவாங்க. வெளிச்சம் பட்டு மினுங்காம முன் கண்ணாடியையே கழட்டி வச்சிருப்பாங்க, நடுக் கண்ணாடியும் இருக்காது. நேர் ரோட்டில ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டுறது கார் உண்மையா ஓடாததாலதான். மலையில இருந்து கார் விழுற காட்சியில ஓடி வந்தது ஒரு கார், விழுறது வேற பழைய கார், நல்ல காரை ஆரும் உருட்டுவானா. நிப்பாட்டி ஒவ்வொரு பிரேமாப் பாத்தா எந்த இடத்தில மாத்தினாங்க எண்டு பிடிக்கலாம். இதெல்லாம் படத்தைக் குறை சொல்றதுக்கு இல்ல, கையில காசில்லாம அந்த ஆக்கள் எவ்வளவு மினக்கெட்டு அந்தக் காட்சியைச் செஞ்சிருக்காங்க எண்டு பாத்தா எனக்கு மரியாதை கூடுது.

நம்பர் பிளேட் கதைக்கு மறுகா வாறன், இலங்கையில அது வெறும் நம்பர் இல்ல. முதல்ல ஓடின காருக்கு சிஇ, சிஎல், சிஎன், இஎல், இஎன், இஒய் இப்படி ரெண்டு ஆங்கில எழுத்து, எல்லாம் சிலோன் எண்ட பேரில இருந்து எடுத்தது. 1957ல சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பிளேட் வந்திச்சி, அதுக்கு எதிராத்தான் தமிழ் ஆக்கள் போராடினது. அப்ப ஒரு பழைய போட்டோவிலயோ படத்திலயோ சோமசெட் ஒண்டு நிண்டு, பிளேட்டில ரெண்டு ஆங்கில எழுத்து இருந்தா அது ஸ்ரீ பிளேட் வாறதுக்கு முதல் பதிஞ்சது. 1978ல சிவாஜியும் மாலினி பொன்சேகாவும் நடிச்ச பைலட் பிரேம்நாத் இலங்கையில எடுத்த படம், அதைப் போட்டா நான் ஆக்களை விட்டிட்டு பிளேட்டைத்தான் தேடுவன்.

இவ்வளவும் நான் ஏன் தேடுறன் எண்டா, நம்மட ஊர் ரோட்டில ஓடின காரோட படம் நம்மட்ட இல்ல. 1978 நவம்பர் புயலில எத்தினை வீட்டு ஆல்பம் நனைஞ்சி போச்சி, மிச்சம் இருந்ததை பிறகு வந்த சண்டையில இடம்பெயர்ந்து ஓடேக்க விட்டிட்டு ஓடினாங்க. மாமாட சோமசெட்டுக்கு ஒரு போட்டோ கூட இல்ல. அந்தக் கார் எப்படிக் குந்தியிருக்கும், முன் சீட்டு எப்படி நீட்டா இருக்கும், கதவு சாத்தேக்க என்ன சத்தம் எண்டு என்ட பிள்ளைகளுக்கு காட்டுறதெண்டா ஆரோ இங்கிலாந்தில, மெட்ராஸில எடுத்த படத்துக்குள்ளதான் போய்த் தேடணும். 1952ல இருந்து 54 வரைக்கும் செஞ்ச மாடல், அந்தக் காலத்து இங்கிலாந்துப் படத்தில ரோட்டோரம் நிக்கும், நிறையவே நிக்கும். கண்டோன நிப்பாட்டிப்போட்டு பிள்ளைகளைக் கூப்பிடுவன்.

அதால மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆக்களிட்ட ஒரு வேலை கேக்கிறன். வீட்டில 1960கள், 70கள், 80கள்ள எடுத்த கலியாண ஆல்பம் மிஞ்சியிருந்தா, டெக் காலத்துக் கலியாண வீடியோ கெசட் இருந்தா, மாப்பிள்ளை பொம்புளை வந்து இறங்கின காரைப் பாருங்க. பூவும் ரிபனும் கட்டி முகம் மூடியிருக்கும், பரவாயில்ல, கூரையும் கதவும் பின் லைட்டும் தெரிஞ்சா காணும். பிளேட் தெரிஞ்சா இன்னும் நல்லம். போனால ஒரு போட்டோ எடுத்து கீழ போடுங்க, ஆரிட கார், எந்த ஊர் ஹயர் ஸ்டாண்டில நிண்டது எண்டு பெரியாக்களிட்ட கேட்டு எழுதுங்க, மாடலும் வருசமும் நான் பாத்துச் சொல்றன். பச்சை நிறச் சோமசெட் ஒண்டு ஆரிட்டயும் கிடந்தா முதல்ல எனக்குச் சொல்லுங்க.