ஒரே மரம், ரெண்டு பந்தி

வால்பாறை, புதுத்தோட்டம். சாலையோர அத்தி மரத்தில் மலை இருவாச்சியும் சோலைமந்தியும் ஒரே நேரத்தில்!

இருவாச்சி அலகு நுனியால் ஒரே ஒரு பழத்தைக் கவ்வி, லேசாக மேலே எறிந்து, தொண்டையில் வாங்கிக்கொள்கிறது. என்ன நிதானம்!

மந்திக்கு அதெல்லாம் கிடையாது. கன்னப்பை ரெண்டும் உப்பும்வரை திணிக்கிறது. மெல்வதெல்லாம் அப்புறம்.

விதை பரப்புவதில் இரண்டுமே கெட்டிதான். இருவாச்சி பள்ளத்தாக்கு தாண்டியும் கொண்டுபோய்ப் போடும்.

சாலை குறுக்கிட்டால்தான் வித்தியாசம் உறைக்கிறது. இருவாச்சி ‘புஸ் புஸ்’ என்று சிறகு இரைய மேலேயே போய்விடும். மந்திகளுக்காக மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். இருந்தும் சில குட்டிகள் தாரில்தான் ஓடுகின்றன.

வளைவில் வேகமாக வந்த வேனைக் கைகாட்டி நிறுத்தினேன். டிரைவர் முறைத்தார். முறைக்கட்டுமே.