கோயில் சம்பளத்துல சினிமா பாத்த உஸ்தாத்

ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான்னு சொன்னாலே, முஸ்லிமா இருந்தும் கோயில்ல வாசிச்சாரேன்னு ஆச்சரியப்பட்டு அதோட முடிச்சுக்கிறாங்க நம்மாளுங்க. அவருக்கு அதுல ஆச்சரியமே கிடையாது. தாய்மாமா அலி பக்ஷ் காசி விஸ்வநாதர் கோயில் ஷெனாய்க்காரர், கங்கைக்கரை பாலாஜி கோயில்லதான் பையனோட வாசிப்புப் பயிற்சி, அது குடும்பத் தொழில். ஸ்ரீரங்கத்துல ஷேக் சின்ன மௌலானா நாதஸ்வரம் வாசிச்சதும் அப்படித்தானே.

எனக்குப் பிடிச்சது மத்த கதைங்க. பாலாஜி கோயிலுக்குப் போக வேற வழி இருந்தும் ரசூலன் பாய், பதூலன் பாய்னு பாடகிகள் ரெண்டு பேர் வீட்டு வழியாத்தான் போவாராம், அவங்க பாடுற தும்ரி (இந்துஸ்தானி பாட்டு வகை) காதுல விழணும்னு, சங்கீதத்து மேல ஆசை வந்ததே அவங்களாலதான்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. கோயில்ல வாசிச்சு எட்டணா கைக்கு வந்துச்சுன்னா நடிகை சுலோச்சனா படம், அப்புறம் குல்சும் அம்மா கடை கச்சோரி. அந்தம்மா காயுற நெய்யில கச்சோரியப் போடும்போது வர்ற சத்தத்துல கூட அவருக்கு ஆரோகணம் அவரோகணம் கேட்டுச்சாம்! பசியில கேட்டுச்சோ என்னவோ.

அஞ்சு வேளை தொழுகை விடமாட்டார், அதுல அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, நல்ல சுரம் குடு. எண்பது வயசுலயும் அதேதான். முஹர்ரம் துக்க நாள் பத்துலயும் கச்சேரி கிடையாது, எட்டாம் நாள் மட்டும் காசியில தால்மண்டியிலேர்ந்து ஃபாத்மான் வரைக்கும் அழுதுக்கிட்டே ஷெனாய் வாசிச்சு நடப்பார், ராகம்லாம் கிடையாது, ஒப்பாரி மாதிரி நௌஹா மட்டும்தான். அமெரிக்காவுல வந்து செட்டில் ஆகுங்க, காசி மாதிரியே ஒரு இடம் அமைச்சுத் தர்றோம்னு கூப்பிட்டவங்கள, சரி கங்கைய எப்படி கொண்டு வருவீங்கன்னு கேட்டு அனுப்பிட்டார்.

2001ல பாரத ரத்னா வந்தாச்சு, வீட்டுல அதே கிழிஞ்ச லுங்கி. சிஷ்யை ஒருத்தங்க, நாலு பேர் வந்து போற இடத்துல இப்படி உக்காந்திருக்கீங்களேன்னு கேட்டதுக்கு, விருது ஷெனாய்க்குத்தானே லுங்கிக்கு இல்லையே, லுங்கி கிழிஞ்சா நாளைக்கு தைச்சுக்கலாம் சுரம் கிழியாம இருக்கட்டும்னாராம்.

சம்பாதிச்சதெல்லாம் பெரிய கூட்டுக் குடும்பத்துக்கே போச்சு. 2006 ஆகஸ்ட்ல தவறிட்டார். பத்து வருஷம் கழிச்சு, அவருக்குப் பரிசா வந்த வெள்ளி ஷெனாய்களை சொந்தப் பேரனே திருடி வெறும் 17,000 ரூபாய்க்கு வித்துட்டான், போலீஸ் போய் பாத்தப்ப உருக்கின வெள்ளிதான் மிச்சம். படிச்சப்ப வயிறு எரிஞ்சுது.

வி.ஜி.ஜோக் வயலினோட இவர் சேர்ந்து வாசிச்ச ஜுகல்பந்தி யூட்யூப்ல கிடைக்கும், ஹெட்ஃபோன் போட்டு கேட்டுப் பாருங்க, கல்யாண மண்டப ஸ்பீக்கர்லயும் துக்க நாள் தூர்தர்ஷன்லயும் மட்டுமே ஷெனாய் கேட்டுப் பழகின காதுக்கு இது வேற வாத்தியமோன்னு தோணும்.