ஐந்து சதவீதக் கோட்டின் ஓரத்தில்: அல்மாட்டி நாட்குறிப்பு

12 மார்ச் 2023, ஞாயிறு

அடுத்த ஞாயிறு கஜகஸ்தானின் கீழவையான மஜிலிஸுக்குத் தேர்தல். போட்டியிடும் ஏழு கட்சிகளில் என் கண் அனைத்துத் தேசிய சமூக ஜனநாயகக் கட்சியின்மீதுதான் இருக்கிறது. இதே மஜிலிஸின் அவைத்தலைவராக இருந்து, 2004இல் தேர்தல் நேர்மையாக நடக்கவில்லை என்று சொல்லி ஆளுங்கட்சியை விட்டு விலகிய ஜர்மகான் துயாக்பாய், அடுத்த ஆண்டே அதிபர் நசர்பாயேவை எதிர்த்து நின்று ஏறத்தாழ 6.6 சதவீத வாக்குப் பெற்று, 2006இல் தொடங்கிய கட்சி இது. 2007இல் மஜிலிஸுக்குள் நுழைய 7 சதவீதம் வேண்டியிருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது நாலரை. தேர்தல் நடந்த 98 இடங்களும் ஆளுங்கட்சிக்கே போயின. அதற்குப் பின் 2012இலும் 2016இலும் இரண்டு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

15 மார்ச், புதன்

இக்கட்சி செய்தவற்றுள் பெரிதும் பேசப்பட்டது, செய்யாமல் விட்ட ஒன்று: 2021 ஜனவரித் தேர்தலைப் புறக்கணித்தது. வெளிநாட்டில் தஞ்சம் புகுந்து அரசைக் கடுமையாக எதிர்க்கும் முன்னாள் வங்கியாளர் முக்தார் அப்லியாசோவ், இவர்களுக்கு வாக்களிக்கும்படி தம் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், தலைவர் அஸ்கத் ரஹிம்ஜானோவும் கட்சியினரும் களத்திலிருந்தே விலகிவிட்டார்கள். கொள்கை உறுதியா, அந்த ஆதரவைக் கண்ட அச்சமா? எனக்கு இரண்டாவதே கூடுதலாகத் தெரிகிறது. தேடி வந்த வாக்கைக் கண்டு ஓடும் கட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

19 மார்ச், ஞாயிறு

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை வாக்களித்துவிட்டு வந்து, கட்சிகளுக்கு ஒன்று, தொகுதிக்கு ஒன்று, நகர மன்றத்துக்கு என்று கையில் வாக்குச்சீட்டுகளை அடுக்கிக் கொடுத்ததாகச் சலித்துக்கொண்டார். கட்சிச் சீட்டில் எதிர்க்கட்சியைத் தேடித் தேடிக் கடைசியில் நோட்டாவில் குறியிட்டாராம். 2021இல்தான் சீட்டில் அந்த நோட்டாக் கட்டம் மீண்டும் வந்தது; மஜிலிஸுக்குள் நுழையும் வரம்பும் ஏழு சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது.

20 மார்ச், திங்கள்

சமூக ஜனநாயகக் கட்சிக்கு 5.20 சதவீதம்! கோட்டுக்கு மேலே வெறும் 0.20. கீழவையின் 98 இடங்களில் நான்கு. ஆளும் அமனாத் கட்சிக்கு 53.9. அல்மாட்டி நகரில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். இத்தனை ஆண்டுகள் வாசலில் நின்றவர்கள் உள்ளே போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் கதவைத் திறந்தது வாக்காளரா, வாசற்காவலரா என்ற ஐயம் தீரவில்லை.

11 ஏப்ரல், செவ்வாய்

புதிய நாடாளுமன்றத்தின் முதல் கூட்டம் மார்ச் 29 அன்று தலைநகர் அஸ்தானாவில் நடந்துவிட்டது. நேற்று இங்கே அல்மாட்டியில், 2022 ஜனவரிக் கலவர வழக்கில், அரசின் பதிவு கிடைக்காத வேறொரு கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஜான்போலாத் மாமாய்க்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தார்கள். அவர் வீடு திரும்பலாம், அரசியல் பேசக்கூடாது. பதிவு பெற்ற சமூக ஜனநாயகக் கட்சியின் நால்வரும் மஜிலிஸில் இருக்கிறார்கள். இதைப் பற்றி அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.