எல்லாம் ஒரே கரண்ட் இல்லை

முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தலைவலி அதற்கப்புறம்தான். தொடை சூம்பிப்போய், இறுக்கச் சொன்னால் இறுக மறுத்தது. மூட்டில் வீக்கம் இருக்கும்வரை முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பே அடக்கிவிடுமாம். கரண்ட் வைத்துத் தசையைச் சுருங்கவைக்க வேண்டும் என்று சர்ஜன், அந்த வகைக் கரண்டின் பெயரான 'என்.எம்.இ.எஸ்.' எனச் சீட்டில் தெளிவாகவே எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்குப் பக்கத்து ஃபிசியோ சென்டரில் முதலில் பேக்கேஜ் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். சீட்டை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. உதவியாளர் பையன் முட்டியைச் சுற்றி நாலு பேட் ஒட்டி, "குறுகுறுன்னு இருந்தா சொல்லுங்க சார்" என்றான். சொன்னேன். டைமரைத் திருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு தடவையும் இதே கதை. தசை துடிக்கக்கூட இல்லையே என்று கேட்டால், "எல்லாம் ஒரே கரண்ட்தான் சார்."

அவர்கள் வைத்தது வலிக்கு வைக்கிற ஐ.எஃப்.டி. என்ற வேறு வகைக் கரண்ட். டென்ஸ் என்ற இன்னொரு வகையும் அப்படித்தான், வலிக்கு வைக்கும்போது குறுகுறுப்போடு நிறுத்திவிடுவார்கள். தசையைத் தேற்றும் கரண்ட் என்றால் தொடை கண்ணுக்குத் தெரிய இறுக வேண்டும்.

வேறு இடத்தில் ஒரு மூத்த ஃபிசியோ மேடம் கிடைத்தார். உள்ளங்கை அகலத்தில் இரண்டே பேட்: ஒன்று தொடையின் மேல்பகுதியில் வெளிப்பக்கமாக, இன்னொன்று முட்டிக்குச் சற்று மேலே உள்பக்கச் சதையில். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு. 10 விநாடி கரண்ட், 50 விநாடி ஓய்வு. "தாங்குற வரைக்கும் ஏத்துறேன் தம்பி, கரண்ட் வர்றப்ப நீங்களும் துண்டை அமுக்குங்க." திருகத் திருக, முட்டிச்சில்லு சட்டென்று மேலே ஏறியது. தொடை கல்லாக இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடந்தேன். ஆனாலும் அவ்வளவு சந்தோஷம்.

எண்ணெய் தேய்த்த காலில் பேட் ஒட்டாது. ஓரம் தூக்கினால் ஒரே இடத்தில் சுள்ளென்று குத்தும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். கரண்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் பேட்டைப் பிய்க்க விடாதீர்கள். பேஸ்மேக்கர் இருப்பவர்கள், காலில் ரத்தக்கட்டி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் பக்கத்தில் போகவே வேண்டாம். வீட்டுக்கு மெஷின் வாங்குவதானால், 'மசில் ஸ்டிமுலேட்டர்' என்று கடைக்காரர் டென்ஸை நீட்டுவார். கரண்ட் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் தனித்தனியாக வைக்க முடிகிறதா, 50 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 50 துடிப்பு) மேலும் போகிறதா, பல்ஸ் அகலம் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) 300 மைக்ரோ விநாடியாவது வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கரண்டோடு மேடம் சொன்ன பயிற்சியையும் விடாமல் செய்ததில், இப்போது முட்டி மடங்காமல் காலை நேராகத் தூக்குகிறேன். பழைய சென்டரில் மிச்சப் பணத்தைக் கேட்டுப் போனேன். திருப்பித் தர முடியாதாம். வேண்டுமானால் கழுத்து வலிக்கு வந்து வைத்துக்கொள்ளலாமாம். எனக்குக் கழுத்து வலியே கிடையாது.