மரவள்ளியின் தாய்வீட்டில்

ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டில் வளர்ந்தவன் நான். தென்னமெரிக்காவில் இருக்கும் கயானா போனபோது தலைநகர் ஜார்ஜ்டவுனில் இருப்புக் கொள்ளவில்லை. லிண்டன் நெடுஞ்சாலையில் போய், மணல் தடத்தில் இறங்கி, மகைக்கா ஆற்றங்கரையில் இருக்கும் பக்கூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். 1889இல் ஆங்கிலிக்கன் பாதிரிமார் வைத்த பெயர் செயின்ட் கத்பர்ட்ஸ் மிஷன். பக்கூரி என்பது ஒரு காட்டு மரத்தின் பெயர். அமெரிந்தியர்கள் என்று அழைக்கப்படும் பூர்வகுடிகளில் லொகோனோ அரவாக் மக்களின் ஊர் இது. லொகோனோ என்றாலே அவர்கள் மொழியில் 'மக்கள்' என்றுதான் பொருள்.

தரையெல்லாம் உப்பைக் கொட்டியது போல வெள்ளை மணல். ஆற்றுத் தண்ணீரோ கட்டஞ்சாயா நிறம். அழுக்கு இல்லை, காட்டுச் சருகு ஊறி ஊறி இறங்கிய சாயம்.

தங்கிய வீட்டு ஆன்ட்டி காலையிலேயே கசப்பு மரவள்ளியைத் துருவ ஆரம்பித்துவிட்டார். அதில் சயனைடு இருக்கிறது, பச்சையாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. எங்கள் ஊரில் மரவள்ளி இலையை மேய்ந்த ஆடு வயிறு உப்பிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த விஷத்தை இறக்க இவர்கள் வைத்திருக்கும் கருவி மட்டாப்பி. ஆள் உயரத்துக்குப் பாம்பு போல நீளமாகப் பின்னிய கூடை அது. துருவலை அதில் திணித்து விட்டத்தில் தொங்கவிட்டு, கீழ்க்காதில் ஒரு கழியைச் செருகி, "நீயே உட்காரு மகனே" என்றார். நான் உட்கார உட்கார கூடை நீண்டு ஒடுங்கியது, சாறு சட்டியில் சொட்டியது. ஆணி கிடையாது, திருகு கிடையாது. எத்தனை தலைமுறையின் மூளை அந்தப் பின்னலில் இருக்கிறதோ!

பிழிந்த மாவைச் சலித்து, இரும்புக் கல்லில் பரப்பிச் சுட்டால் ரொட்டி. சாற்றையும் வீணாக்குவதில்லை. கருப்பாகக் குழம்பும் வரை கொதிக்கவிட்டால் விஷம் ஆவியாகிப் போய்க் காசரீப் ஆகிறது. அதை ஊற்றிச் சமைக்கும் இறைச்சிக் குழம்புதான் பெப்பர்பாட். தினமும் ஒரு கொதி கொடுத்தால் நாள்கணக்கில் கெடாது.

பெர்பிஸ் ஆற்றுப் பகுதியில் பழங்கால மக்கள் எழுப்பிய மேடுகளை ஆராய்ந்த ஓவியர் ஜார்ஜ் சைமன் பிறந்த ஊரும் இதுதான். ஆனால் லொகோனோ மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் இன்று வயதான சிலர்தான். அதைக் கேட்டபோது மனசு கனத்தது. தென்னமெரிக்காவில் இவர்களைப் போன்ற பூர்வகுடிகளின் மூதாதையர் பழக்கியெடுத்த பயிர்தானே போர்த்துக்கீசியர் கப்பலேறி நம் பக்கம் வந்தது? எங்கள் வீட்டு அடுப்பெரிந்தது அதை நம்பித்தான்.

சாயங்காலம் ஆன்ட்டி சாற்றை மெல்ல வேறு பாத்திரத்துக்கு இறுத்தார். சட்டியின் அடியில் வழவழவென்று வெள்ளை மாவு படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். ஜவ்வரிசி செய்யும் எங்கள் ஊர் சேகோ மில் தொட்டியில் அப்பா வழித்தெடுத்த அதே மாவு.