மலை திறந்திருக்கிற நேரம்

சிங்கப்பூரில் ஆக உயரமான இடம் புக்கிட் தீமா. 163 மீட்டர் சொச்சம். உச்சி வரை தார் போட்ட பாதை, மேலே உயரம் எழுதிய ஒரு பாறாங்கல், அதோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை. அது போக மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு நடை, பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிள். தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பயிற்சியின்போது தெக்கோங் தீவில் மூட்டை சுமந்து போன நெடுநடையையும் சேர்த்துக்கொண்டால் காடு, மலை என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்னைத்தான் கம்பெனி கோயம்புத்தூருக்கு அனுப்பியது. பம்பு செய்கிற ஊர். எங்கள் வேலை அதற்கான கட்டுப்பாட்டுக் கருவி. வீடு வடவள்ளியில். மொட்டை மாடியில் ஏறினால் மருதமலை, அதற்குப் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலை.

தமிழ் பேசுகிற ஊர் எப்படி வெளிநாடாகும் என்று சிங்கப்பூர் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு வந்து பார்க்கட்டும். அடையாள அட்டை கேட்பார்கள், நான் சிவப்பு பாஸ்போர்ட்டை நீட்டுவேன். காவலர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். "தமிழ் பேசறீங்க... எந்த ஊருங்க நீங்க?" தாத்தா நாமக்கல் பக்கம் என்றால் முகம் மலர்ந்துவிடும். "அப்ப நம்மூர்தானுங்க!" சொல்லிவிட்டு, பதிவேட்டில் வெளிநாட்டவர் என்றுதான் எழுதுவார்.

எங்கள் ஊரில் பூங்கா எந்த நாளும் திறந்திருக்கும். மழை பெய்தால் குடை. கொங்கு நாட்டு மலைகள் அப்படியில்லை. இங்கே ஒவ்வொரு மலைக்கும் ஒரு பருவம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். மழை மலையோடு நின்றுவிட, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் பொள்ளாச்சி, பல்லடம் வரை வந்து காற்றாலைகளைச் சுற்றிவிட்டுப் போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்தக் கணவாய்க்கு எதிரே குடியிருந்தவர்தான் சொல்லியிருக்க வேண்டும். என் மாடியிலிருந்து இரண்டு துண்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போயிருக்கின்றன. அப்புறம் கோடையில் காட்டுத்தீ பயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் வனத்துறை இணையத்தில் முன்பதிவு செய்யும் மலையேற்றத் திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது. வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. காட்டுக்குள் தனியாகப் போய் 'சாகச' வீடியோ எடுக்கிறவர்கள் மீது எனக்குத் துளியும் மரியாதை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மற்ற பாதைகளை மூடுகிற அதே மாதங்களில்தான் சிவன் மலையான வெள்ளியங்கிரி திறக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை. சாமி கணக்கு வேறு.

நடையைப் பழக்கிக்கொள்ள முதலில் சென்னிமலை போனேன். 1,320 படி, மேலே முருகன், வழியெங்கும் நிழல். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. தொடையில் வலி வந்தது, போனது.

வெள்ளியங்கிரி அப்படிச் சொல்லி முடிக்கிற மலையில்லை. கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரம். ஏழு மலை. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கிறார்கள். பையைத் திறந்து சோதிக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள், திரும்ப வந்து பாட்டிலைக் காட்டினால் பணம் கிடைக்கும். என்னோடு ஆபீஸ் நண்பரும் அவருடைய சத்தியமங்கலத்துச் சித்தப்பாவும் வந்தார்கள். சித்தப்பாவுக்கு அறுபதுக்கு மேல். வெறுங்கால், மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துணிப்பை. என் மலையேற்ற ஷூவைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது. தடிய மட்டும் உட்றாதீங்க" என்றார். நம் கால் தாங்கும், தடி எதற்கு என்றேன். "அது ஏறறதுக்கு இல்லீங்க தம்பி. எறங்கறதுக்கு."

முதல் மலைதான் ஆளை வாட்டுகிறது. வெள்ளை விநாயகர் கோயில் வரை கல் படி. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அதில் பாதி. இருட்டில் முகம் தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். நூற்றுக்கணக்கான மூங்கில் தடிகள் கல்லில் படும் 'டொக் டொக்' மேலேயும் கீழேயும் கேட்டுக்கொண்டே இருக்கும். இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தது போல ஒரே பொய்யைச் சொல்கிறார்கள்: "இன்னுங் கொஞ்ச தூரந்தானுங்க சாமி." மூன்றாவது மலையிலும் கொஞ்ச தூரம், ஐந்தாவது மலையிலும் கொஞ்ச தூரம். பாம்பாட்டிச் சுனையிலும் கைதட்டிச் சுனையிலும் தண்ணீர் பிடித்தோம். ஆறாவது மலையில் ஆண்டி சுனை. அந்தக் குளிரில் சித்தப்பா முங்கிக் குளித்துவிட்டு வந்தார். நான் கைகால் கழுவியதோடு சரி.

ஏழாவது மலை செங்குத்து. மேலே பெரும் பாறைகளுக்கு நடுவே லிங்கம், பாறைக்கு வெளியே நிற்க விடாத காற்று. தெளிவாக இருந்தால் சிறுவாணி அணை தெரியும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது பனிமூட்டம் மட்டும். சித்தப்பா துணிப்பையிலிருந்து புளிச்சோற்றைப் பிரித்தார். அப்போதுதான் கேட்டார்: "உங்கூர்ல மலையேறப் போவீங்கன்னீங்களே, அங்க மேல என்ன சாமிங்க?" சாமி இல்லை, சும்மா ஏறி இறங்குவோம் என்றேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "சாமி இல்லாம எதுக்குங்க ஏறோணும்?" கிண்டலில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உடம்புக்கு நல்லது என்று ஏதோ சொன்னேன். அந்த உச்சியில் எனக்கே அது எடுபடவில்லை.

தடி விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. இறங்கும்போது ஒவ்வொரு படியும் முழங்காலைக் கேட்டுவிட்டுத்தான் விடுகிறது. ஆண்டுதோறும் இந்த மலையில் மூச்சுத்திணறல், மாரடைப்பு என்று செய்தி வருகிறது. இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வர வேண்டாம்.

வால்பாறை வேறு ரகம். பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு அணை, குரங்கு அருவி, அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 3,500 அடிக்கு ஏறிவிடுகிறது சாலை. ஒன்பதாவது வளைவில் எல்லோரும் அணையைப் பார்க்க நிற்பார்கள். நான் பார்த்தது எதிர்ச் சரிவை. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கால் வைக்க இடமே இல்லாத பாறையில் ஒரு வரையாடு அசை போட்டுக்கொண்டு நின்றது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க 1,031தான். அதில் ஒன்று, லாரி ஹாரன் சத்தத்துக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை. புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சிங்கவால் குரங்குகள் தரையில் இறங்கி வண்டியில் அடிபடாமலிருக்கச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் வால்பாறையில் என்னை அசத்தியது ஒரு சிவப்பு விளக்கு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு. யானைகள் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தோட்டத்தைத்தான் கடக்க வேண்டும். அதனால் பக்கத்தில் யானை இருந்தால் செல்போன் வழியாகவே எரியவிடக்கூடிய சிவப்பு விளக்குகளை முக்கியமான இடங்களில் நட்டிருக்கிறார்கள். குறுஞ்செய்தியும் வரும். நாங்கள் தங்கியிருந்த லைன் வீட்டிலிருந்து (தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு) சாயங்காலம் டீக்கடைக்குக் கிளம்பியபோது முக்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா துணி மடித்தபடியே, "லைட் எரியுதுங்க, நாளைக்குக் குடிச்சுக்கலாம்" என்றார். பவர் கட் ஆனால் சொல்வோமே, அந்தக் குரலில். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு வரக்காப்பி குடித்தோம்.

மறுநாள் காலை நடையில் அட்டை. மழை விட்ட மறுநாள் புல்லில் கால் வைத்தால் போதும், குண்டூசி பருமனில் நிமிர்ந்து நின்று ஆள் வருகிற பக்கம் தலையை ஆட்டும். கடிப்பது தெரியாது, சாக்ஸ் நனைந்திருக்கிறதே என்று பார்த்தால் ரத்தம். பிடித்து இழுக்கக் கூடாது. உப்பை வைத்தால் சுருண்டு விழும். தீப்பெட்டிக்குள் உப்பு கொண்டுபோவது அந்தப் பக்கத்து வழக்கம். நான் ஆன்லைனில் வாங்கிய ஸ்பிரே பைக்குள்ளேயே கிடந்தது.

ஆனைமலைக் காட்டிலிருக்கிற டாப்ஸ்லிப்பையும் விட்டுவிட முடியாது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஏற வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தேக்கை இந்த உச்சியிலிருந்துதான் கீழே சறுக்கி விடுவார்கள். வெட்டி மொட்டையான மலையை மறுபடி தேக்குக் காடாக்கியவர் ஹியூகோ உட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் மண்ணைக் குத்தி, சட்டைப்பையிலிருந்த விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று கதை. அவருடைய சமாதி அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. எங்களோடு வந்த, மலசர் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி அதிகம் பேசவில்லை. சாணத்தைக் காலால் புரட்டி, "ராத்திரி போனது" என்பார். ஒரு திருப்பத்தில் கையைத் தூக்கி நிறுத்திவிட்டுக் காற்றை மோந்து பார்ப்பார். எனக்கு ஒன்றும் தெரியாது, அவர் நகரச் சொன்ன பக்கம் நகர்வேன்.

டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து நண்பர்கள் வருகிறார்கள். எல்லோருக்கும் வெள்ளியங்கிரிதான் வேண்டுமாம். மூடியிருக்கும் என்று சொன்னால், மலையை எப்படி மூடுவார்கள் என்று கேட்கிறார்கள். வால்பாறைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். பஸ்ஸில் வாந்தி வருமோ என்று கவலைப்படும் ஒருவனுக்கு மட்டும் தனியாகச் செய்தி: பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொள், முன்சீட்டில் உட்கார், நாற்பதாவது வளைவு தாண்டும் வரை போனைப் பார்க்காதே.