ஐபி உறைவிடப் பள்ளியில் நான் எழுதிய எக்ஸ்டென்டட் எஸ்ஸே

சர்வதேச உறைவிடப் பள்ளியில் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) டிப்ளமா என்ற, பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுப் பாடத்திட்டத்தைப் படித்து, 2024 மே மாதத் தேர்வோடு வெளியே வந்தேன். புதிதாகச் சேரப்போகிறவர்கள் பெரும்பாலும் பாடத்தேர்வு பற்றியும் விடுதி பற்றியும்தான் கேட்கிறார்கள். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் எனக்கு அதிகம் சொல்ல இருப்பது எக்ஸ்டென்டட் எஸ்ஸே என்ற நீண்ட ஆய்வுக் கட்டுரை பற்றித்தான். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அது. விடுதியில் தங்கியிருக்காவிட்டால் அதை அப்படிச் செய்திருக்க முடியாது.

முதலில் அமைப்பு. ஆறு பாடங்கள், பொதுவாக மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்ட் லெவல். ஹையருக்கு 240 மணி நேர வகுப்பு, ஸ்டாண்டர்டுக்கு 150. பாடத்துக்கு 7 புள்ளி வீதம் 42. டிஓகே (தியரி ஆஃப் நாலெட்ஜ், அதாவது அறிவுக் கோட்பாடு) பாடமும் எக்ஸ்டென்டட் எஸ்ஸேயும் சேர்ந்து தருவது அதிகபட்சம் 3. ஆக மொத்தம் 45. டிப்ளமா கிடைக்கக் குறைந்தது 24 புள்ளி வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உண்டு. நான் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் ஹையரில் எடுத்தேன். பாடத்தேர்வுக்கு என்னிடம் ஒரே யோசனைதான்: போக நினைக்கும் பல்கலைக்கழகத் துறை எந்தப் பாடத்தை ஹையரில் கேட்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். கணிதத்திலேயே இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. சில பொறியியல் துறைகள் அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ் பிரிவைத்தான் கேட்கும். முதல் சில வாரங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், அதன் பிறகு வகுப்பைப் பிடிப்பது கஷ்டம்.

விடுதி விஷயத்துக்கு வருகிறேன். முதல் பருவத்தில் என்னைக் களைப்படைய வைத்தது பாடங்கள் அல்ல, நாள் முழுக்க ஆங்கிலத்தையே கேட்டுக்கொண்டிருந்ததுதான். சாப்பாட்டு மேஜையில் எட்டுப் பேர் இருந்தால் எட்டு விதமான உச்சரிப்பு. நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். சில வாரங்களில் காது பழகிவிட்டது. வீட்டு நினைப்பு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. வகுப்பு நாட்களில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேர வித்தியாசத்தால் நான் ஓய்வாக இருக்கும்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தினமும் அவசரமாக இரண்டு வார்த்தை பேசுவதை விட, வாரத்தில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு நிதானமாகப் பேசு என்றார் எங்கள் ஹவுஸ் பேரன்ட், அதாவது விடுதிப் பொறுப்பாளர். எனக்கு அது ஒத்துவந்தது. ஹவுஸ் பேரன்ட்களிடம் மனம் விட்டுப் பேசுங்கள். உங்கள் முகம் வாடியிருப்பதை உங்கள் அறைத்தோழனுக்கு முன்பே அவர்கள் கவனித்திருப்பார்கள்.

இரவில் 'பிரெப்' என்ற கட்டாயப் படிப்பு நேரம் உண்டு. போனை ஒப்படைத்துவிட்டு மேஜையில் உட்கார வேண்டும். ஆரம்பத்தில் இது பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு அதுதான் எஸ்ஸே எழுதக் கிடைத்த நேரம்.

சரி, எக்ஸ்டென்டட் எஸ்ஸே. நாமே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நாமே ஆராய்ந்து, 4000 வார்த்தைக்குள் எழுத வேண்டிய கட்டுரை இது. 4000 தாண்டினால் மதிப்பிடுபவர் அதற்கு மேல் படிக்கமாட்டார். பள்ளி ஒரு சூப்பர்வைசரை ஒதுக்கும். நம்மோடு அவர் செலவிடும் நேரம் மொத்தமாக மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான். எங்கள் காலத்து விதிப்படி கட்டாயச் சந்திப்புகள் மூன்று. முழு வரைவை ஒரே ஒரு முறை படித்துக் கருத்து சொல்லலாம். வரிக்கு வரி திருத்தித் தரக்கூடாது.

நான் கடலும் பருவநிலை மாற்றமும் என்ற மாதிரி பெரிய தலைப்போடு போனேன். என் சூப்பர்வைசரான இயற்பியல் ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் நீ எதை அளக்கப்போகிறாய்?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியோடு பல நாட்கள் திரிந்தேன். கடைசியில் வந்து நின்றது இங்கே: கிளிசரினுக்குள் விழும் சிறிய எஃகு உருண்டையின் இறுதி வேகம் வெப்பநிலையைப் பொறுத்து எப்படி மாறுகிறது, அதிலிருந்து கணக்கிடும் பாகுத்தன்மை எவ்வளவு நம்பகமானது?

இறுதி வேகம் என்பது விழும் உருண்டை மேலும் கூடாமல் நிலைத்துவிடும் வேகம், பாகுத்தன்மை என்பது திரவம் ஓட்டத்துக்குக் காட்டும் தடை. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் உள்ளே இறங்க இறங்க விரிந்துகொண்டே போகும். கிளிசரினின் பாகுத்தன்மை 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 1.4 பாஸ்கல் வினாடி. 30 டிகிரியில் அதில் பாதிக்கும் கீழே வந்துவிடும். அதனால் வெப்பநிலை அரை டிகிரி நகர்ந்தாலும் முடிவில் தெரியும். குடுவையின் சுவரும் உருண்டையின் வேகத்தைக் குறைக்கும். அதற்குத் தனியாகத் திருத்தம் போட வேண்டும். உருண்டையின் வேகத்திலிருந்து பாகுத்தன்மையைக் கணக்கிட உதவும் ஸ்டோக்ஸ் விதி மெதுவான ஓட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், சூடான கிளிசரினில் அது எதுவரை செல்லும் என்றும் பார்க்க வேண்டியிருந்தது.

ஆய்வகம் விடுதியிலிருந்து சில நிமிட நடை. ஆசிரியையும் வளாகத்திலேயே குடியிருந்தார், அதனால் சனிக்கிழமை மாலைகளில் அவர் மேற்பார்வையில் வேலை செய்ய முடிந்தது. அறைத்தோழன் தன் போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்துக் கொடுத்தான். அவன் வரலாற்றில் எஸ்ஸே எழுதிக்கொண்டிருந்தான், இயற்பியலே எடுக்கவில்லை. ஆனாலும் உருண்டை விழுவதை என்னை விட ஆர்வமாகப் பார்ப்பான். அப்புறம் பிரெப் முடிந்ததும் அவன் ஆவணங்களைப் பற்றி அவனும் என் வரைபடங்களைப் பற்றி நானும் மாறி மாறி விளக்குவோம். இயற்பியல் தெரியாத ஒருவனுக்குப் புரியும்படி சொல்லிப் பழகியதுதான் என் எழுத்தைத் தெளிவாக்கியது.

நடுவில் முடிவுகள் நகர ஆரம்பித்தன. அதே வெப்பநிலை, அதே உருண்டை. ஆனால் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் வேகமாக விழுந்தது. காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் விளங்கியது, கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நூற்றில் ஒரு பங்கு நீர் கலந்தாலே பாகுத்தன்மை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மூடி வைத்த புதுக் கிளிசரினோடு மறுபடி அளந்தேன். பழைய அளவுகளையும் தூக்கி எறியவில்லை. ஈரத்தின் விளைவு என்று அவற்றுக்குத் தனிப் பகுதியே எழுதினேன். பாடப்புத்தகம் சொல்லாத ஒன்றை என் கையாலேயே கண்டதில் வந்த சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இதெல்லாம் இரண்டாம் ஆண்டின் முதல் பருவம் வரை நீண்டது. இந்தக் கட்டத்தை முன்கூட்டியே எதிர்பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐஏ எனப்படும் உள்மதிப்பீட்டு வேலை, பல்கலைக்கழக விண்ணப்பம், ஆசிரியர்கள் முன்கூட்டியே கணித்துத் தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்கள் எல்லாம் அப்போது ஒன்றாக வந்து விழும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் விண்ணப்பங்களுக்கு அக்டோபர் நடுவிலேயே கடைசி நாள். முதலாம் ஆண்டு கோடை விடுமுறைக்கு முன்பே சோதனைகளை முடித்துவிட்டு, விடுமுறையில் வரைவு எழுதியவர்கள் எங்கள் விடுதியில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

டிப்ளமாவின் இன்னொரு பகுதியான காஸ் (CAS) பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். படைப்பு, உடற்பயிற்சி, சேவை என்று 18 மாதங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும். அதற்குப் புள்ளி கிடையாது, ஆனால் முடிக்காமல் டிப்ளமாவும் கிடையாது. விடுதியில் இருப்பவர்களுக்கு வாய்ப்புகள் காலடியிலேயே கிடக்கும். எழுதிவைப்பதைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

எஸ்ஸேக்காக சூப்பர்வைசரோடு நடக்கும் மூன்றாவது சந்திப்பு 'வைவா வோசே'. பத்துப் பதினைந்து நிமிட உரையாடல். எனக்குப் பயம் இருந்தது. ஆனால் ஆசிரியை கேட்டதெல்லாம் நான் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தவை. ஈரப் பகுதியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எங்கள் காலத்தில் மூன்று சந்திப்புகளுக்கும் சேர்த்து 500 வார்த்தைக்குள் நம் சிந்தனை எப்படி மாறியது என்று எழுத வேண்டியிருந்தது. அதற்கும் மதிப்பெண் இருந்தது. சந்திப்பு முடிந்த அன்றே குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு நினைவுக்கு வராது.

முடிவுகள் ஜூலையில் இணையத்தில் வந்தன. எஸ்ஸேக்கு 'பி', டிஓகேக்கு 'பி'. சேர்த்து 2 புள்ளி. எஸ்ஸே 'ஏ' ஆகியிருந்தால் மூன்றும் கிடைத்திருக்கும், மறுமதிப்பீட்டுக்கு அனுப்பலாமா என்று பள்ளி கேட்டது. நான் சேர விரும்பிய துறைக்குத் தேவையான மதிப்பெண்கள் கணிதத்திலும் இயற்பியலிலும் ஏற்கெனவே வந்திருந்ததால் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அந்தத் துறையில் இப்போது பாய்ம இயக்கவியல் படிக்கிறேன்.